இன்டெலிஜென்ட் டிசைன் சயின்ஸ்ல சேருமா சேராதா? பொண்ணு கேக்குறா, பதில் சொல்லத் தெரியல

அம்பத்தூர்_டூல்ரூம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதறேன், பொறுமையா படிங்க. என் பொண்ணு பத்தாவது, சிபிஎஸ்இ. போன வாரம் அவ டியூஷன்ல யாரோ ஒருத்தர கூப்ட்டு பேச வெச்சிருக்காங்க. பரிணாமம்ங்கறது ஒரு தியரிதான், அதே மாதிரி இன்டெலிஜென்ட் டிசைன்னு, உயிர்கள ஒரு அறிவுள்ள டிசைனர்தான் வடிவமைச்சிருக்கணும்னு சொல்ற இன்னொரு தியரியும் இருக்கு, ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். பாக்டீரியா வால் படம் ஒண்ணு காட்டியிருக்கார், அத போன்ல எனக்கும் காட்டினா.

நான் 24 வருஷமா எஸ்டேட்ல டூல்ரூம்ல இருக்கேன், பிரஸ் டூல் டிசைன், அதாவது தகட்ட வெட்டி வளைக்கற டைங்கள டிசைன் பண்ற வேலை. ஒரு பிராக்கெட்ட கையில குடுத்தா ஓரத்துல இருக்கற பிசிற தடவிப் பாத்தே பஞ்ச்சு மழுங்கிடுச்சா, கிளியரன்ஸ் ஜாஸ்தியான்னு சொல்லிடுவேன். அந்தப் படத்தப் பாத்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்துது. ரோட்டார் இருக்கு, ஸ்டேட்டர் இருக்கு, புஷ் இருக்கு, யுனிவர்சல் ஜாயின்ட் மாதிரி ஒரு கொக்கி இருக்கு, ஒரு பார்ட்ட கழட்டினா ஓடாதாம். இது தானா வந்துச்சுன்னு சொன்னா டிசைனர் எப்படி ஒத்துப்பான்? ஆனா இது சயின்ஸ் இல்லன்னு ஏன் சொல்றாங்கன்னு பொண்ணு கேக்கறா. எனக்கும் நிஜமாவே தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மடிப்பாக்கம்_96:
அண்ணா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட். டார்வின் 1859ல செல்லுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாம எழுதினார், இப்ப உள்ள போய் பாத்தா பேக்டரியே இருக்கு. மைக்கேல் பிஹி ஒரு பயோகெமிஸ்ட்ரி புரபசர், 1996லயே இத புக்கா எழுதிட்டார், எலிப்பொறில ஒரு ஸ்பிரிங்க எடுத்துட்டா எலி மாட்டுமா, அதே மாதிரிதான் இதுவும்னு. ரெண்டு தியரியையும் சொல்லிக் குடுத்தா என்ன தப்பு, பசங்க யோசிக்கட்டுமே.

சைதை_டீச்சர்:
தம்பி, நான் 31 வருஷம் பயாலஜி எடுத்தவ, இப்ப ரிட்டயர்ட். அம்பத்தூர் தம்பி கேட்டது நல்ல கேள்வி, சும்மா அதட்டி உக்கார வெக்கற கேள்வி இல்ல, அதனால நிதானமா சொல்றேன்.

மொதல்ல அந்த வால். அதுக்குப் பேரு கசையிழை, பிளாஜெல்லம். நாப்பது சொச்சம் புரோட்டீன் சேந்து ஆகுது, பாக்க மோட்டார் மாதிரிதான் இருக்கு, அத யாரும் மறுக்கல. பிஹி சொன்னது என்னன்னா, ஒரு பார்ட்ட எடுத்தாலும் மொத்தமும் உபயோகமில்லாமப் போயிடும், அதனால படிப்படியா வந்திருக்க முடியாது. இது சோதிச்சுப் பாக்கக்கூடிய பேச்சு, அந்த அளவுக்கு அவர நான் மதிக்கறேன். சோதிச்சாங்க. பிளேக் நோய் கிருமி ஒரு ஊசி வெச்சிருக்கு, நம்ம செல்லுக்குள்ள விஷத்த குத்தி ஏத்த. அந்த ஊசியோட அடிப்பாகம் இந்த வாலோட அடிப்பாகத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி, பத்து புரோட்டீன் கிட்ட ஒத்துப்போகுது. வால் இல்ல, சுத்தாது, ஆனா வேலை செய்யுது. எது மொதல்ல வந்துச்சு, ஊசியா வாலான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள வாக்குவாதம் உண்டு, வால்தான் மூத்ததுன்னு நெறைய பேர் சொல்றாங்க. ஆனா பாதி பார்ட்ட வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுங்கற வாதம் அங்கயே விழுந்துடுச்சு.

ரெண்டாவது, தியரிங்கற வார்த்தை. வீட்ல ‘மழ வரும்னு என் தியரி’ன்னு சொல்றோமே அது ஊகம். சயின்ஸ்ல அதுக்கு நாம தமிழ்ல கோட்பாடுன்னு சொல்லிக் குடுத்தோம், நெறைய தடவ அடி வாங்கியும் நிக்கறது. அடி வாங்கறதுன்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன். மீனுலேர்ந்து நாலு கால் பிராணி வந்துச்சுன்னா, நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும், அது சுமார் 37 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆழமில்லாத ஆத்துப் படிவுல இருந்திருக்கணும். அந்த வயசுள்ள பாறை எங்க வெளில தெரியுதுன்னு மேப்ப பாத்து, கனடாவோட வடகோடில எல்ஸ்மியர் தீவுக்குப் போனாங்க. சில வருஷம் கோடைல திரும்பத் திரும்பப் போய் அந்தக் குளிர்ல தோண்டினாங்க. 2004ல கெடைச்சுது. டிக்டாலிக்னு பேரு. செதிள் இருக்கு, துடுப்பு இருக்கு, துடுப்புக்குள்ள மணிக்கட்டு எலும்பு இருக்கு, மீனுக்கு இல்லாத கழுத்தும் இருக்கு. கெடைக்காமப் போயிருந்தா? இல்ல அதவிட ரொம்பப் பழைய பாறைல முயல் எலும்பு கெடைச்சிருந்தா? மாட்டியிருப்பாங்க. மாட்டிக்கற மாதிரி முன்கூட்டியே வாய விட்டுச் சொல்றதுதான் சயின்ஸ். டிசைன் வாதம் இது மாதிரி எங்க போய் எத தோண்டச் சொல்லியிருக்கு?

வில்லிவாக்கம்_லோக்கல்:
இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்றதுக்கு முன்னாடியே மாணிக்கவாசகர் சொல்லிட்டாரே, ‘புல்லாகிப் பூடாய்’னு சிவபுராணத்துலயே வருதே. பரிணாமம் நம்மளோடது.

மயிலை_வாசகன்:
ஐயா, நான் தெனமும் அத ஓதறவன், அதனால சொல்றேன், கோச்சுக்காதீங்க. அங்க பேசறது ஒரு உயிர் பல பிறவி எடுத்து இளைச்ச கதை. புல்லோட இனம் மாறி இன்னொரு இனம் ஆச்சுன்னு பேசல. மறுபிறவி வேற, பரிணாமம் வேற. அத இதுல இழுத்தா ரெண்டுக்கும் மரியாதை இல்ல.

டூல்ரூம் சார் கேள்விக்கு வரேன். நீங்க சொன்ன வாதம் நம்ம சைவ சித்தாந்தத்துல நல்லாவே இருக்கு. குடம் இருந்தா குயவன் இருக்கணும். மண்ணு முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகம் காரியம், அதாவது உண்டாக்கப்பட்ட பொருள், அதனால அதுக்கு ஒரு கர்த்தா, செஞ்சவர், உண்டு. வடக்க நியாயம்ங்கற தர்க்க மரபுல உதயணரும் இதே வழிலதான் வாதம் பண்ணினார். அப்பவே வேதச் சடங்க முக்கியமா வெக்கற மீமாம்சகர், பௌத்தர், சமணர் எல்லாம் எதிர்த்து நின்னாங்க. குயவன் குடம் செய்யறத கண்ணால பாத்திருக்கோம், அதனால குடத்தப் பாத்தா குயவன்னு சொல்றோம், உலகம் செய்யறத யார் பாத்தாங்க? குயவனுக்கு உடம்பு இருக்கு, உங்க கர்த்தாவுக்கு இருக்கா? இதெல்லாம் ஆயிரம் வருஷத்துக் கேள்வி. நான் சிவன நம்பறவன். ஆனா எங்க பெரியவங்க இத தத்துவமா, அனுமானமா வெச்சு வாதாடினாங்க, எதிராளிய பேச விட்டு பதில் சொன்னாங்க. லேப்ல நிரூபிச்சாச்சுன்னு சொல்லி பத்தாங்கிளாஸ் பசங்க பாடத்துல நுழைக்கல.

மடிப்பாக்கம்_96:
யாரும் பாக்கலன்னு சொன்னா நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம பல்லாவரத்துல 1863ல ராபர்ட் புரூஸ் பூட்னு ஒரு புவியியல் ஆய்வாளர் ஒரு கல்ல கையில எடுத்துப் பாத்து, இது சாதாரண கல்லு இல்ல, ஆதி மனுஷன் செதுக்கின கோடாரின்னு சொன்னார். செதுக்கினவன அவர் பாத்தாரா? ஷேப்ப வெச்சுத்தானே சொன்னார்? அது சயின்ஸ்னா செல்லப் பாத்து டிசைன்னு சொல்றது மட்டும் எப்படி சயின்ஸ் இல்லாமப் போகும்? இதுக்கு யாராவது நேரா பதில் சொல்லுங்க.

சைதை_டீச்சர்:
இது இந்தப் பேச்சுலயே பலமான கேள்வி தம்பி, நல்லா கேட்ட.

கல்லுல ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு கல்லால தட்டினா சிப்பி மாதிரி ஒரு சில்லு பேந்து வரும், அந்த இடத்துல குழிவா ஒரு தழும்பு நிக்கும். அது ரெண்டு பக்கமும் வரிசையா இருந்தா தட்டினது ஒரு கை. இத இன்னிக்கும் அதே குவார்ட்சைட் கல்ல எடுத்து நீயே தட்டிப் பாத்துக்கலாம், தட்டிப் பாக்கறாங்க. அப்புறம் பூட் அதோட நிறுத்தல. யாரு, எப்ப, எந்தக் கல்லு, எங்கேர்ந்து வந்துச்சு, எதுக்கு வெச்சுக்கிட்டான்னு வரிசையா கேள்வி வந்துச்சு, அந்தக் கேள்வி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. பூட் கண்டுபுடிச்ச இன்னொரு இடம் நம்ம திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கம், அங்க மறுபடி தோண்டி அந்தக் கோடாரிங்களுக்கு 15 லட்சம் வருஷம் கிட்ட வயசுன்னு 2011ல வெளியிட்டாங்க. டிசைன்னு சொன்ன நிமிஷத்துலேர்ந்து அங்க வேலை ஆரம்பிக்குது. டிசைன் வாதத்துல என்ன நடக்குது? டிசைனர் யாருன்னு கேட்டா அது எங்க வேலை இல்லம்பாங்க. எப்ப செஞ்சார்? சொல்ல மாட்டோம். எத வெச்சு? தெரியாது. அங்க டிசைன்ங்கற வார்த்தையோட ஆராய்ச்சி நின்னு போகுது.

பாரிமுனை_வக்கீல்:
கேஸ் விவரம் நான் சொல்றேன், ஏன்னா நெட்ல அரைகொறையா சுத்துது. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாகாணம், டோவர்னு ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபர்ல ஸ்கூல் போர்டு தீர்மானம் போட்டுச்சு, ஒம்பதாவது பயாலஜி கிளாஸ்ல டார்வின் தியரில ஓட்டை இருக்கு, இன்டெலிஜென்ட் டிசைன்னு ஒரு விளக்கம் இருக்கு, லைப்ரரில புக் இருக்குன்னு ஒரு அறிக்கை படிக்கணும். சயின்ஸ் டீச்சர்ஸ் நாங்க படிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க, நிர்வாக ஆளுங்க வந்து படிச்சாங்க. 11 பெற்றோர் கோர்ட்டுக்குப் போனாங்க. 2005 செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சாட்சி விசாரணை. ஜட்ஜ் ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமிச்சவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்னு யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் 20ல 139 பக்கத் தீர்ப்பு, இது சயின்ஸ் இல்ல, கடவுள்தான் உயிர்கள நேரடியா படைச்சார்ங்கற படைப்புக் கொள்கையோட வழி வந்தது, அரசு ஸ்கூல்ல வெக்கக் கூடாதுன்னு.

ஒரு வக்கீலா என்னை நிமிர்ந்து ஒக்கார வெச்ச இடம் அந்த லைப்ரரி புக்கோட பழைய டிராப்ட்டுங்க. 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் படைப்புக் கொள்கைய பாடத்துல வெக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி டிராப்ட்ல ‘படைப்புவாதிகள்’னு இருந்த இடத்துல எல்லாம் தீர்ப்புக்கு அப்புறம் ‘டிசைன் ஆதரவாளர்கள்’னு மாத்தியிருக்காங்க. ஒரு எடத்துல அவசரத்துல பழைய வார்த்தையோட மொதல் எழுத்தும் கடைசி எழுத்துங்களும் புது வார்த்தையோட ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு அப்படியே நின்னு போச்சு. பத்திரத்துல திருத்தம் பண்ணவன் கையும் களவுமா மாட்டற மாதிரி. டிசைன் பக்கம் சாட்சி சொன்ன பிஹி குறுக்கு விசாரணைல, நான் சொல்ற அகலமான விளக்கத்துப்படி பாத்தா ஜோசியமும் சயின்டிபிக் தியரிதான்னு ஒத்துக்கிட்டார்.

ஆனா ஒண்ணு, கோர்ட் சொன்னதால ஒண்ணு சயின்ஸ் ஆகிடாது, சயின்ஸ் இல்லாமலும் போகாது. நம்ம ஊர்லயே 2001ல யுஜிசி யூனிவர்சிட்டிகள்ல ஜோதிட கோர்ஸ் வெக்கலாம்னு சொல்லி, விஞ்ஞானி பி.எம். பார்கவா எதிர்த்து கேஸ் போட்டு, 2004ல சுப்ரீம் கோர்ட் தலையிட மாட்டோம்னு தள்ளுபடி பண்ணிடுச்சு. டீச்சர் சொன்ன மாதிரி கேள்விய வெச்சுத்தான் பாக்கணும்.

சாந்தோம்_ஜெபம்:
நான் கத்தோலிக்கன், தெனமும் பூசைக்குப் போறவன். எங்க சபை பரிணாமத்துக்கு எதிரின்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. 1996ல இரண்டாம் ஜான் பால் போப்பே இது வெறும் அனுமானத்துக்கு மேலன்னு சொல்லியிருக்கார். டோவர் கேஸ்ல டிசைன் வாதத்துக்கு எதிரா மொத சாட்சியா நின்ன பயாலஜி புரபசர் கென்னத் மில்லரும் கத்தோலிக்கர்தான். எனக்கு இதுல ஒரு வருத்தம் இருக்கு. விஞ்ஞானத்துல எங்க எங்க விடை தெரியலையோ அங்க எல்லாம் கடவுள சொருகி வெச்சா, நாளைக்கு விடை தெரிஞ்சதும் கடவுள அங்கேர்ந்து காலி பண்ணச் சொல்ற மாதிரி ஆயிடும். நான் கும்புடற தேவன் அப்படி வாடகைக்கு இருக்கறவர் இல்ல.

மடிப்பாக்கம்_96:
சரி. ஆனா பரிணாமம் இப்பவும் நடக்குதுன்னு காட்ட உதாரணமா சொல்ற பாக்டீரியா, மருந்துக்குத் தப்பிச்சாலும் பாக்டீரியாவாத்தானே இருக்கு? கொரங்கு மனுஷனானத யாரு பாத்தா?

கல்ச்சர்_ப்ளேட்:
நான் கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு லேப்ல மைக்ரோபயாலஜி டெக்னீஷியன். தெனமும் நான் பாக்கறத சொல்றேன். பேஷண்டோட யூரின்ல வளந்த கிருமிய கிருமி வளக்கற ஒரு அகார் ப்ளேட் முழுக்க பஞ்சுக் குச்சியால தடவி, மேல ஆன்டிபயாடிக் டிஸ்க் வெப்போம், சின்ன காகிதப் பொட்டு மாதிரி இருக்கும். நைட்டு பூரா இன்குபேட்டர்ல. காலைல தொறந்தா ப்ளேட் முழுக்க கஞ்சி மேல ஆடை படிஞ்ச மாதிரி கிருமி, மருந்து வேலை செஞ்ச பொட்ட சுத்தி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா ஒரு வட்டம். அந்த வட்டத்த ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல அளந்து எழுதுவோம். சில நாள் அந்தத் தெளிவான வட்டத்துக்குள்ள குண்டூசி முனை சைஸ்ல ரெண்டு மூணு புள்ளி நிக்கும். லட்சக்கணக்குல செத்த எடத்துல அது மட்டும் பொழச்சு குட்டி போட்டிருக்கு. அந்தப் புள்ளியப் பாக்கறப்ப எனக்கு வயித்த கலக்கும், ஏன்னா அந்தப் பக்கம் ஒரு ஆள் காய்ச்சலோட படுத்திருக்கார்.

பாக்டீரியா பாக்டீரியாவாத்தான் இருக்குங்கறீங்க. ரிச்சர்ட் லென்ஸ்கின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1988ல ஒரே ஈ கோலை பாக்டீரியாலேர்ந்து 12 பிளாஸ்க் ஆரம்பிச்சார், தெனமும் கொஞ்சம் எடுத்து புது பிளாஸ்க்ல மாத்தணும், 500 தலைமுறைக்கு ஒரு தடவ கொஞ்சத்த ஃப்ரீசர்ல போட்டு வெச்சாங்க. ஆக்சிஜன் இருக்கறப்ப சிட்ரேட்ங்கற பொருள சாப்ட முடியாதுங்கறது ஈ கோலைக்கு அடையாளமே, நாங்க லேப்ல அத வெச்சு பிரிப்போம். சுமார் 31,500 தலைமுறைல ஒரு பிளாஸ்க் மட்டும் சிட்ரேட்ட சாப்ட ஆரம்பிச்சுது. பழைய ஃப்ரீசர் சாம்பிள எழுப்பி மறுபடி ஓட்டிப் பாத்தா, முன்னாடி நடந்த சில மாற்றம் இருந்தாத்தான் இது வருதுன்னு தெரிஞ்சுது. படிப்படியா வர்றதுன்னா இதுதானே?

அப்புறம் நம்ம கண்ணுல நரம்பு முன் பக்கமா ஓடி ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு, கணவாய் மீனுக்கு அது இல்ல. இப்படி மோசமாவா ஒரு டிசைனர் செய்வார்?

சைதை_டீச்சர்:
அருமையா சொன்ன கண்ணு, அந்த ப்ளேட்ட நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா கடைசி பாயின்ட்ட விட்டுடு. டிசைனர் இப்படி செய்ய மாட்டார்னு சொல்றதும் அவர் மனசுல பூந்து பாத்த மாதிரிதான். நமக்கு அது வேண்டாம்.

தம்பி, கொரங்கு மனுஷனானத யாரும் பாக்கலன்னு 2018ல ஒரு மத்திய இணை அமைச்சரும் சொன்னார், நாட்டோட மூணு அறிவியல் அகாடமியும் சேந்து மறுப்பு விட்டாங்க. மொதல்ல, இப்ப இருக்கற கொரங்கு மனுஷனாச்சுன்னு யாரும் சொல்லல, ரெண்டு பேருக்கும் ஒரு பொது மூதாதை. சிம்பன்ஸிக்கு 24 ஜோடி குரோமோசோம், கொரில்லா, உராங்குட்டானுக்கும் 24. நமக்கு 23. ஒரு ஜோடி எங்க போச்சு? சும்மா காணாமப் போனா உசுரு தங்காது. அதனால ரெண்டு ஒட்டி ஒண்ணாகியிருக்கணும், ஒட்டியிருந்தா ஒட்டின தழும்பு இருக்கணும். குரோமோசோமோட நுனில ஷூ லேஸ் முனை மாதிரி டீலோமியர்னு ஒண்ணு இருக்கும். அது நம்ம ரெண்டாம் நம்பர் குரோமோசோமோட உள்ள நடுவுல கெடக்கு. கூடவே குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்க வேண்டிய சென்ட்ரோமியர், செயலிழந்து போன இன்னொண்ணோட மிச்சமும் இருக்கு. யாரும் நேர்ல பாக்கலதான். வெல்டு பண்ண எடம் இருக்கே.

அம்பத்தூர்_டூல்ரூம்:
ரெண்டு நாளா எல்லாத்தையும் படிச்சிட்டு இருக்கேன். டீச்சர் வெல்டுன்னு சொன்னது மனசுலயே நின்னுது. இன்னிக்கு ஷிப்ட்ல ஒரு பழைய டை ரிப்பேருக்கு வந்துச்சு. 2009ல நானே டிசைன் பண்ணது. பார்ட்டி ட்ராயிங்க மாத்த மாத்த நாலு தடவ மாடிபிகேஷன் ஆயிருக்கு. ஒரு எடத்துல வெல்டு போட்டு அடைச்சு கிரைண்ட் பண்ணியிருக்கு, ஒரு எடத்துல ஷிம் குடுத்திருக்கு, பாட்டம் பிளேட்ல ஒரு எம் 8 ஓட்டை இருக்கு, அதுல போல்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. புதுசா சேந்த பையன், சார் இது எதுக்குன்னு கேட்டான். மொத மாடல்ல ஒரு ஸ்டாப்பர் இருந்துச்சு, அத எடுத்துட்டோம், ஓட்டை மட்டும் தங்கிடுச்சு. அவன் கிட்ட சொல்லிட்டு நான் கொஞ்ச நேரம் அந்த டைய பாத்துக்கிட்டே நின்னேன். இத புதுசா இன்னிக்கு டிசைன் பண்ணா அந்த ஓட்டை இருக்கவே இருக்காது. ஓட்டை இருக்கறதே அது பழசுலேர்ந்து வந்துச்சுங்கறதுக்கு சாட்சி. உயிர்லயும் இப்படி செத்த ஓட்டை இருக்கா டீச்சர்?

மடிப்பாக்கம்_96:
அண்ணா, அந்த டைய மாத்தினதும் டிசைனர்தானே? நீங்கதானே மாத்தினீங்க? இது என் பக்கம்தான் பேசுது.

சைதை_டீச்சர்:
தம்பி சொல்றது வாஸ்தவம், டைய மாத்தினது ஒரு ஆள்தான். இப்ப நான் உன்ன ஒண்ணு கேக்கறேன். உயிர் புத்தம் புதுசா, ஓட்டை ஒடைசல் இல்லாம இருந்தா டிசைனர் செஞ்சார்னு சொல்லுவ. ஒட்டுப் போட்டு, ஓட்டையோட இருந்தாலும் டிசைனர் மாத்தினார்னு சொல்லுவ. எது கெடைச்சா நீ தப்புன்னு ஒத்துப்ப? யோசிச்சு சொல்லு. எனக்கு அவசரம் இல்ல.

என்னை அதே கேள்வி கேளு, நான் சொல்றேன். அம்பத்தூர் தம்பி கேட்ட செத்த ஓட்டை இருக்கு. நாய், மாடு, எலி எல்லாம் வைட்டமின் சி-ய ஒடம்புலயே செஞ்சுக்கும். நமக்கு முடியாது, அதான் நெல்லிக்கா, எலுமிச்சை. ஆனா அத செய்யற ஜீன் நம்ம கிட்ட இருக்கு, ஒடைஞ்சு போய் கெடக்கு. சிம்பன்ஸி, கொரில்லாவுக்கும் அதே ஜீன், நம்மளோட சேந்த மாதிரியே ஒடைஞ்சிருக்கு. கினி பன்னிக்கும் ஒடைஞ்சிருக்கு, ஆனா அது தனியா வேற விதமா ஒடைஞ்சது. சொந்தக்காரங்க கிட்ட ஒரே தழும்பு, தூரத்து ஆளு கிட்ட வேற தழும்பு. இது மாறி, நம்ம ஜீன் கினி பன்னி மாதிரி ஒடைஞ்சு சிம்பன்ஸிது வேற மாதிரி இருந்திருந்தா, ஒரு ஜீன் இல்ல, ஜீனுக்கு ஜீன் அப்படியே இருந்திருந்தா, நான் 31 வருஷம் நடத்தின பாடத்த தூக்கிப் போட்டிருப்பேன். மனசு வலிக்கும், ஆனா போட்டிருப்பேன்.

மடிப்பாக்கம்_96:
யோசிக்கறேன் டீச்சர். இப்ப என் கிட்ட பதில் இல்ல. ஆனா மொத செல் எப்படி வந்துச்சுன்னு உங்க கிட்டயும் பதில் இல்லையே.

சைதை_டீச்சர்:
இல்லப்பா. 1953ல ஸ்டான்லி மில்லரும் யூரியும் கண்ணாடிக் குடுவைல வாயுவும் தண்ணியும் வெச்சு மின்பொறி விட்டு அமினோ அமிலம் எடுத்தாங்க, அதுலேர்ந்து செல் வரைக்கும் ரொம்ப தூரம், இன்னும் போய்ச் சேரல. தெரியலங்கறத தெரியலன்னே பசங்க கிட்ட சொல்லுவேன். அந்தக் கேள்விய தொடர்ந்து ஆராய்ச்சி பண்ண ஆள் வேணும், அதுல ஒருத்தி நம்ம அம்பத்தூர் பொண்ணா இருந்தா எனக்கு சந்தோஷம்.

அம்பத்தூர்_டூல்ரூம்:
பொண்ணு கிட்ட காட்டினேன். அவ புக்ல ‘பாரம்பரியம்’ மட்டும்தான் இருக்கு, பரிணாமத்த காணோம்னு இப்பதான் சொல்றா.

சைதை_டீச்சர்:
ஆமா, என்சிஇஆர்டி பத்தாவது புக்ல ‘பாரம்பரியமும் பரிணாமமும்’னு இருந்த பாடத்துல பின்பாதிய எடுத்துட்டாங்க. 2023ல 1,800 பேருக்கு மேல விஞ்ஞானிகளும் டீச்சர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க. நம்ம ஸ்டேட் போர்டு பத்தாவது அறிவியல்ல ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’னு தனிப் பாடமே இருக்கு, அத வாங்கிக் குடுங்க. என் கிட்ட பழைய என்சிஇஆர்டியும் ஒண்ணு இருக்கு, ஓரத்துல என் பென்சில் குறிப்பு இருக்கும், பரவால்லன்னா தரேன்.

அம்பத்தூர்_டூல்ரூம்:
பரவால்ல டீச்சர், குறிப்பு இருந்தா இன்னும் நல்லது. சனிக்கிழமை ஜெனரல் ஷிப்ட்தான், அஞ்சரைக்கு முடியும். பொண்ணையும் கூட்டிக்கிட்டு ஏழு மணி வாக்குல சைதாப்பேட்ட ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். அந்த எம் 8 ஓட்டைய போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், காட்டறேன்.